ஜிப்புவுக்குப் போட்ட ஊசி

ஜிப்பு தானாகவே மாடிப்படி ஏறி வந்ததைப் பார்த்து எழிலுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினொரு வயது லாப்ரடார். மூட்டுத் தேய்ந்து எட்டு மாதமாகக் கீழேயே கிடந்த நாய். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் எழில் தனி ஆள். வேங்கிக்கால் வீட்டில் அவளுக்குத் துணை என்று இருந்தது ஜிப்பு ஒன்றுதான்.

அரசு கால்நடை மருத்துவர் ராஜேந்திரன் முன்பே சொல்லியிருந்தார். "எடையைக் கொறைங்கம்மா, வலி மாத்திரை குடுங்க. அதோட ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு மூட்டுல போடலாம். ஸ்டெம் செல்லுன்னா சென்னைக்குத்தான் போவணும். எது போட்டாலும் பழையபடி ஆவும்னு உறுதி சொல்ல முடியாது."

செங்கம் சாலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் சிகிச்சை நடத்திய அருண்பிரசாத் அப்படியெல்லாம் இழுக்கவில்லை. "வேற நல்ல நாயோட கொழுப்புலேர்ந்து எடுத்த செல்லு மேடம். ரெடியா இருக்கு" என்றான். ஒரே ஊசி. மூன்றாவது வாரம் ஜிப்பு படி ஏறிவிட்டது.

அதே வாரம், அவள் தினமும் சோறு வைக்கும் தெரு நாய் செவலை நான்கு நாள் காணாமல் போய்த் திரும்பியது. வயிற்றில் சதுரமாக முடி மழித்து, நடுவில் தையல். கருத்தடைக்குப் பிடித்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். கிட்டப் போனால் சோற்றைக்கூடப் பார்க்காமல் சாக்கடைக்குள் பதுங்கியது. மறுவாரம் அதை மறுபடியும் காணோம்.

இரண்டாவது ஊசிக்குப் போன அன்று, கை கழுவப் பின்பக்கம் போனவளுக்கு ஜன்னல் வழியே கூண்டுகள் தெரிந்தன. ஏழெட்டு நாய்கள். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. எல்லாவற்றின் வயிற்றிலும் அதே சதுரம். கடைசிக் கூண்டில் செவலை. இம்முறை இரண்டு தையல். கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

"என்ன மேடம், போட்டுடலாமா?" உள்ளிருந்து அருண்பிரசாத் கேட்டான்.

உள்ளே போய் ஜிப்புவை மேசையிலிருந்து இறக்கி இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராக ராஜேந்திரனிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் காலை அதிகாரிகள் போனபோது வீடு காலியாக இருந்தது. பினாயில் வாடை மட்டும் அடித்தது.

இரண்டு மாதத்தில் ஜிப்புவின் பின்னங்கால்கள் மறுபடி இறுகிப்போயின. படியடியில் நின்று மேலே பார்த்து முனகும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழில் காதைப் பொத்திக்கொள்வாள். அப்படி ஒரு சாயங்காலம்தான் அருண்பிரசாத்திடமிருந்து போன் வந்தது.

"ஊசி வேகம் எறங்கியிருக்குமே மேடம். வேற எடம் பாத்துட்டோம். அடி அண்ணாமலை தாண்டி. பௌர்ணமி கூட்டம் போனப்புறம் வாங்க. இங்க நாய்ங்க ஜாஸ்தி, லேட் ஆவாது."

ராஜேந்திரனிடம் கொடுக்கத்தான் விலாசத்தை எழுதிக்கொண்டாள். மறுநாள் அவரே கூப்பிட்டார். "அந்த ஆளப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

எழில் ஜிப்புவைப் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றாள்.

பௌர்ணமி முடிந்த மறுநாளே ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாள்.