பதினோரு ஏக்கருக்குப் பதினோரு ஏக்கர்

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரிக்கரையை ஒட்டிய கருவேலந்தோப்பின் நிழலில் மேசையைப் போட்டு, காகிதம் பறக்காமலிருக்க மோர்ச் சொம்பை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஊராட்சித் தலைவர் ஆனந்தராஜ். எதிரில் கம்பெனி ஆள் பாலாஜி. தாமலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேலேரிப்பாக்கம் என்ற சின்ன ஊர் அது.

விஷயம் இதுதான். தோப்பைச் சுற்றியிருந்த வயல்களையெல்லாம் கிடங்கு கட்டுவதற்காகக் கம்பெனி வாங்கிவிட்டது. நடுவில் இருந்த தோப்பு மட்டும் ஆடுமாடு மேய அரசாங்கம் விட்டிருந்த மேய்க்கால் புறம்போக்கு, பதினோரு ஏக்கர். அதைத் தங்களுக்கு மாற்றிக் கொடுத்தால் திருப்புட்குழி சாலையோரமாகப் பதினோரு ஏக்கரை அரசாங்கத்துக்கு எழுதித் தருவதாகக் கம்பெனி சொன்னது. ஊராட்சியின் சம்மதம் வேண்டும்.

ஆனந்தராஜ் கை நீட்டுகிற மனிதர் இல்லை. கம்பெனிக்காரன் வெட்டிக் கொடுத்த இளநீரைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஆனால் ஊருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் வேண்டுமென்று பத்து வருஷமாக மனுக் கொடுத்தும், சாலையோரம் இடமில்லை என்றே தட்டிக் கழித்தார்கள். இப்போது இடம் வருகிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் தம் பெயர் எத்தனையாவது வரியில் வரும் என்பதுவரை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டார் பாவம். பெயராசையும் ஒரு லஞ்சம்தான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அந்த இடத்தில் பறவைகள், விலங்குகள் வசிக்கின்றனவா?

ஆனந்தராஜ் அண்ணாந்து பார்த்தார். ஏரி வறண்டு கிடந்தது. கிளைகளில் பழைய கூடுகளின் சுள்ளிகள் மட்டும் தொங்கின. ஒரே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா எழுதற?"

"இங்க பறவ இருக்குதான்னு கேக்கறாங்கம்மா."

"ஐப்பசில வந்து கேக்கச் சொல்லு. மழ பேஞ்சி ஏரி ரொம்பட்டும், கெளயெல்லாம் நாரையா ஒக்காந்து மரமே தெரியாது. இப்ப வந்து கேட்டா அதுங்க எங்கருந்து பதில் சொல்லும்?"

பாலாஜி சிரித்தான். "சார், இன்னிக்கு தேதிக்கு இன்னா இருக்குதோ அததான் ரிப்போர்ட்ல போடணும்."

பொய் சொல்லவில்லை என்ற தைரியத்தில், 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆனந்தராஜ். மே தினத்துக் கிராமசபையில் தீர்மானம் நிறைவேறியது. வைகாசியில் பார்வையிட வந்த அதிகாரிகளும் அதே வறண்ட தோப்பைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் நல்ல மழை. இடுப்பளவு தண்ணீரில் நின்ற மரங்களில் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று கிளைக்குக் கிளை குடித்தனம். மார்கழியில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. கங்கையம்மாள் ஆனந்தராஜின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, இப்ப வந்து பாருங்கன்னு ஒரு லெட்டர் போடேன். ஒரு பறவைக்கு ராமரே கொள்ளி வெச்ச திருப்புட்குழி பக்கத்துல இருக்குது. மாசா மாசம் அமாவாசைக்கு நீயும் அந்தக் கோயிலுக்குப் போய்க்கினுதான இருக்கற?"

"ஃபைல் என் கைய விட்டுப் போயிடுச்சும்மா. இப்ப மாத்திச் சொன்னா, அப்ப இன்னாத்த பாத்து எழுதினன்னு என்னத்தான் கேப்பாங்க."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். ஒரே ஒரு கடிதம். நாலு வரி போதும். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்து மூடி வைத்தார் மனிதர். அதற்குள் தை பிறந்து மகள் பிரியதர்ஷினியின் கல்யாண வேலை வந்துவிட்டது. அப்புறம் குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறந்துபோயின, அவருக்கும் மறந்துபோயிற்று.

ஆடியில் ஆணை வந்தது. மரங்களை அறுக்க நான்கு நாள் ஆயிற்று. பள்ளத்தை லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் தகரக் கூரையோடு கிடங்கு எழும்பிவிட்டது. சாலையோரத்து மாற்று நிலமோ வெறும் பாறையும் முள்ளும். சுகாதார நிலையம் காகிதத்தில்தான் நின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு மழை பிடித்தது. பின்னாலேயே பறவைகள் வந்தன. வந்தவை இறங்க இடம் தெரியாமல் அரை நாள் வானத்திலேயே சுற்றின. சில தகரக் கூரையில் இறங்கிக் கால் வழுக்கிச் சரிந்தன. சில மின்கம்பியில் உட்காரப் போய்க் கருகி விழுந்தன. கங்கையம்மாள் தினமும் காலையில் கூடையோடு போய் அவற்றைப் பொறுக்கி வந்து கரையில் குழி தோண்டிப் புதைத்தாள். ஆனந்தராஜ் ஏரிக்கரை வழியை விட்டுச் சுற்று வழியில் போகத் தொடங்கினார். அந்தக் கூடையைப் பார்க்கிற துணிச்சல் அவருக்கு இல்லை.

அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவை வந்து கூடு கட்டுகிற காலம் என்று என்றைக்கோ வைத்த ஊர்க் கட்டுப்பாடு. பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்போடு சரி. வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் முதல் வருஷம் வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் கேலியே உண்டு.

பிரியதர்ஷினிக்கு அது தலைதீபாவளி. செவிலிமேட்டு மாப்பிள்ளை சந்தோஷ்குமார் விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு வாசலுக்கு வந்தான். கையில் ஒரு பட்டாசுப் பெட்டி. தெருப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க," என்றான் தயங்கியபடி. "பறவைக்காகத்தான இங்க வெடிக்கறதில்ல? இப்பத்தான் மரமே இல்லியே. இந்த வருஷம் வெடிக்கலாமா?"

பிரியதர்ஷினி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் தலைவரின் வாயைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் தோப்பு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் ஏரிப்பக்கமிருந்து படபடவென்று சரவெடி வெடித்தது. கிடங்கில் பூசை போட்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஊர்க் கட்டுப்பாடு எப்படித் தெரியும்? கூரை மேல் மிச்சமிருந்த நாரைகள் அத்தனையும் ஒன்றாக எழும்பி, ஒரு தடவைகூட வட்டமிடாமல் மேற்கே பறந்தன. திரும்பி வருகிற பறத்தல் இல்லை அது.

ஆனந்தராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வழிந்தது. ஊர் பார்க்கிறதே என்று அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"வெடிங்க மாப்ள. தடுக்கற யோக்கியத எனக்கு இல்ல," என்றார். "பொறம்போக்குன்னா யாருக்கும் சொந்தமில்லாத நெலம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது எல்லாருக்கும் சொந்தமான நெலம். மனுஷனுக்கு மட்டும் இல்ல, மழைக்கு மழ வந்து குடியிருந்துட்டுப் போற ஜீவனுக்கும் சொந்தம். நெலத்துக்கு நெலம் மாத்திக்கலாம் மாப்ள, அதுல வாழ்ந்தத மாத்தி வைக்க எவனாலயும் முடியாது. கையெழுத்து போடறவன் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்க வேண்டியது இது. நான் போட்டதுக்கப்புறம் தெரிஞ்சிக்கினேன்."