சிரோங்கா எண்ணாத குட்டிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மனிதனின் முழங்காலிலிருந்து. நரோக் ஊரில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். மாரா சரணாலயத்துக்கு விலங்கு பார்க்கப் போகிற வண்டிகளில் பாதி என்னிடம்தான் வரும். அதில் ஒரு வண்டியின் வழிகாட்டி சிரோங்கா, நெடுநெடுவென்று வளர்ந்தவன், மாடு வளர்க்கிற மாசாய் இனத்து ஆள். சாவியைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்ப்பான். சந்தையில் பார்ப்பான், தேநீர்க் கடையில் பார்ப்பான், தேவாலய வாசலிலும் பார்ப்பான்.

"என்னய்யா, பொண்டாட்டிக்குப் பயந்து கீழ எதையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று மற்ற டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள்.

ஏன் என்று நான் கேட்டேன். சிரித்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்லாததால் நானே எழுதுகிறேன். (சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நடந்ததை எழுதுவதற்கு எனக்குச் சோம்பல்.)

2

முதல் தொடக்கம்: "செக்கச் சிவந்த சூரியன் பரந்த புல்வெளியின் மேல்—"

வேண்டாம். அந்தச் சூரியனை எல்லோரும் எழுதித் தேய்த்துவிட்டார்கள்.

இரண்டாவது: "சிவிங்கிப்புலி பானெட் மேல் ஏறி உட்கார்ந்தபோது அகோத்தின் லென்ஸ் ஒன்றுக்கும் உதவவில்லை."

இது பரவாயில்லை. அகோத், கிசுமுவில் ஏரிக்கரையில் வளர்ந்தவள், மீன்பிடிக்கிற லூவோ இனத்துப் பெண். காட்டு விலங்குகளைப் படமெடுப்பது அவள் தொழில். அவளுடைய லென்ஸ் அவள் கை நீளம் இருக்கும். எங்கோ தூரத்தில் படுத்திருக்கும் சிங்கத்தின் மீசையைக் காட்டும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது அதற்கு வெறும் மங்கல்.

"கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க அதை," என்றாள் கிசுகிசுப்பாக.

"நீங்களே சொல்லிப் பாருங்க மேடம். மீன்காரங்க பேச்சைக் கேக்குதான்னு பாப்போம்," என்றான் சிரோங்கா.

"மாட்டுக்காரருக்கு வாயைப் பாரு!"

தாய் சிவிங்கி பானெட்டிலிருந்து புல்வெளியை நோட்டம் விட்டது. குட்டிகள் வண்டிக்கு அடியில், நிழலுக்குள் புகுந்துகொண்டன.

3

பொழுது சாய ஆரம்பித்தது. இருட்டுவதற்குள் சரணாலயத்தின் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தாமதமாக வந்து எச்சரிக்கை வாங்கியவன் சிரோங்கா. இன்னொரு முறை என்றால் சட்டையில் குத்தியிருக்கும் வழிகாட்டி பேட்ஜைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான். நல்ல வேளையாகத் தாய் எதையோ கண்டு கீழே குதித்து நடந்தது. குட்டிகள் தட்டுத்தடுமாறிப் பின்னால் ஓடின. சிரோங்கா சாவியில் கை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது.

"ஒண்ணு வரல."

"மொத்தம் எத்தனை இருந்துச்சு?"

"தெரியாது."

"எத்தனைன்னே தெரியாம ஒண்ணு குறையுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நாங்க எண்ண மாட்டோம் மேடம். மாட்டையும் எண்ண மாட்டோம், பிள்ளைங்களையும் எண்ண மாட்டோம். எண்ணினா தங்காதும்பாங்க. முகத்தைப் பாத்து வச்சுப்போம். காது கிழிஞ்சது ஒண்ணு இருந்துச்சு. அது வரல."

[இங்கே உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பிரதியில் குட்டிகள் மூன்று என்று எழுதியிருக்கிறேன், இரண்டாவதில் நான்கு. எண்ணியவன் நான். என் பேனா தடுமாறியதற்கு அவன் அங்கே வியர்த்துக்கொண்டிருக்கிறான். நான்கை அடித்து மூன்று ஆக்கினால் போதும், நேரத்தோடு கேட்டைத் தாண்டிவிடுவான். அடித்தேன். "சிரோங்கா சாவியைத் திருகினான், வண்டி—" அதற்கு மேல் கை வரவில்லை. காது கிழிந்தது என்று எழுதிவிட்ட பிறகு ஒரு குட்டியை எப்படி அடிப்பது?]

4

இறங்கிப் பார்க்க முடியாது. சரணாலய விதியும் விடாது, தாயும் விடாது. ஹாரன் அடித்தால் குட்டி மிரண்டு சக்கரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அகோத் லென்ஸின் வாரைக் கழற்றி, அதில் தன் செல்போனைக் கட்டி ஜன்னல் வழியாகக் கீழே இறக்கினாள்.

"இத்தனை பெரிய லென்ஸை மடியில வச்சுக்கிட்டு போனைத் தொங்கவிடறேன். வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

முதல் படத்தில் சேறு. இரண்டாவதில் என்ஜின் அடிப்பாகம்.

"எண்ணெய் ஒழுகுதே! பட்டறைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்," என்றான் சிரோங்கா. (என்னைத்தான் சொல்கிறான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

அடுத்த படத்தில், பின் சக்கரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு, காது கிழிந்த அது தூங்கிக்கொண்டிருந்தது.

சிரோங்கா சாவியை உருவி அகோத்தின் கையில் வைத்து அழுத்தினான். "நீங்களே வச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது. பேட்ஜ் போயிடுமேன்னு பயமா இருக்கு மேடம்."

"எனக்கும்தான்," என்றாள் அவள். சூரியன் போய்விட்டது.

இனி என்ன? கழுதைப்புலி ஒன்றைக் கொண்டுவந்தேன். எழுதிய கையோடு கிழித்தேன், எனக்கும் பிள்ளைகள் உண்டு. காவலர் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். சினிமாத்தனமாக இருந்தது. கடைசியில் எதையும் கொண்டுவராமல், அவர்களோடு நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு குருவிச் சத்தம். குருவி இல்லை. சிவிங்கித் தாய் பிள்ளையைக் கூப்பிடுகிற குரல் அப்படித்தான் இருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து அதே மாதிரி ஒரு கீச்சுக் குரல் பதில் சொன்னது. குட்டி வெளியே வந்து, சோம்பல் முறித்து, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து போனது. தாய் அதன் முகத்தை நக்கியது. அகோத் படமெடுக்க மறந்து அழுதுகொண்டிருந்தாள். சிரோங்கா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தான். மூச்சே இப்போதுதான் திரும்பி வந்தது போலச் சிரித்தான்.

"இப்ப எல்லாரும் இருக்காங்க," என்றான்.

பிரதிகளில் இருந்த மூன்றையும் நான்கையும் அடித்துவிட்டேன். குட்டிகள் எத்தனை என்று இனி என்னைக் கேட்காதீர்கள்.

5

கேட்டில் என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். முதல் பகுதியில் அவன் இன்னும் வழிகாட்டிதானே என்று துப்பறிய வேண்டாம். அங்கே அவன் நிஜம், இங்கே அவன் உங்கள் கையில். கேட்டில் நிற்கிற காவலர் நீங்கள்தான். தடுப்புக் கட்டையின் கயிறு உங்களிடம் இருக்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு தாமதமாக ஒரு வண்டி வந்து நிற்கிறது. உள்ளே அழுது முகம் வீங்கிய ஒருத்தி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒருவன். ஏன் தாமதம் என்று கேட்கிறீர்கள். அவள் போனை நீட்டுகிறாள். எண்ணெய்க் கறைக்குப் பின்னால், மங்கலாக, ஒரு கிழிந்த காது.

நான் உங்களை அவசரப்படுத்தவில்லை. எனக்கு அந்த எண்ணெய் ஒழுகலைச் சரிசெய்கிற வேலை இருக்கிறது. சிரோங்கா வண்டியை மறுபடி கிளப்பும் முன் இறங்கி, மண்டி போட்டு, அடியில் ஒருமுறை பார்ப்பான். அதுவரை நீங்கள் யோசிக்கலாம்.