வெள்ளை விரிப்புகளுக்கு அடியில்

விடிவதற்கு முன்பே கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். சலவைக்கூடத்தின் தகரக் கூரையில் முட்டிக் குளிர்ந்த ஆவி, சொட்டுச் சொட்டாக வேலை செய்பவர்களின் பிடரியில் விழும். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து ஒரு பக்கம் குவித்திருப்பார்கள். பிழிந்த பிறகும் அவை கனக்கும். அவற்றைத் தூக்கி, உதறி, ஓரம் பிசகாமல் துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. துணி பிசகினால் சுருக்கம் விழும். விரல் பிசகினால் தோல் உரியும்.

உயரமாக இருந்ததால் எல்லோரும் அவளை நெட்டை என்றே கூப்பிட்டார்கள். ஆறு மாத வயிறு அவளுக்கு. இடுப்பில் ஒரு வயதுப் பாப்பா. உள்ளே ஒன்று உதைக்கும்போது வெளியே உள்ளதும் சேர்ந்து உதைக்கும். பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் குடிமாறிப் போனபிறகு நெட்டைக்கு வேறு வழியில்லை. கணவன் வெளியூர் லாரி ஓட்டுகிறவன். வந்தாலும் தூங்கியே கழிப்பான். அவனைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வராது. அதனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். துணி தள்ளும் வண்டிகளில் காலியான ஒன்றைத் தன் பக்கத்தில் நிறுத்தி, பழைய வெள்ளைத் துண்டுகளை விரித்து அதற்குள் உட்காரவைப்பாள். மேஸ்திரி பார்த்தும் பாராததுபோல் போய்விடுவார்.

மடிப்பு மேசையில் நிற்கும் அக்காதான் அவ்வப்போது பேச்சுக் கொடுப்பாள்.

"ஏம்மா, ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கக் கூடாதா?"

"பால் குடுக்கற வரைக்கும் தங்காதுன்னு சொன்னாங்கக்கா. நம்பிட்டேன்."

"அப்படி நம்பித்தான் எனக்கு மூணு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் நெட்டைக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

பால் வற்றிக்கொண்டு வந்தது. பாப்பா இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கோபத்தில் கடிக்கும். பல் முளைக்கிற சிணுங்கல் வேறு. நெட்டை கண் விழிப்பதற்கு முன்பே சோர்வு விழித்து அவளுக்காகக் காத்திருக்கும். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாததால் கணவனின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் அவளைவிடவும் தளர்ந்து தெரிந்தவர் ஒருவர் உண்டு. வண்டிக்காரர். அழுக்குத் துணியை அள்ளி வண்டியில் போட்டு, தள்ளிக்கொண்டு போய், துவைக்கும் எந்திரத்தில் கொட்டுகிறவர். மற்ற ஷிஃப்டில் அந்த வேலையைப் பார்த்தவனை முதலாளி நிறுத்திவிட்டார். புது ஆள் வைக்கவில்லை. இரண்டு ஷிஃப்டையும் இவரே தள்ளினார்.

அன்று பாப்பா வெகுநேரம் அழுதுவிட்டு, துண்டுகளுக்குள் முகம் புதைத்துத் தூங்கிப்போயிற்று. நெட்டை ஒரு துண்டின் ஓரத்தைக் காலில் இழுத்துப் போர்த்திவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். வயிறு அழுத்துகிற நாட்களில் அதைத் தள்ளிப்போட முடியாது.

திரும்பி வந்தபோது வண்டி இல்லை.

"அக்கா, பாப்பா எங்க?"

அக்கா தலையைத் திருப்பினாள். அவளுக்கும் தெரியவில்லை. எந்திர இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நெட்டை வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஈரத் தரையில் ஓடினாள்.

துவைக்கும் எந்திரத்தின் வாய் திறந்திருந்தது. வண்டிக்காரர் வண்டியிலிருந்து அள்ளி அள்ளி உள்ளே திணித்துக்கொண்டிருந்தார். மேலே அழுக்கு விரிப்புகள். அடியில் அவள் விரித்த துண்டு எட்டிப் பார்த்தது. அவரைத் தள்ளிவிட்டு அவள் வண்டிக்குள் பாய்ந்து துணிகளைக் கிழிப்பதுபோல் இழுத்து வீசினாள். ஒரு கணம் திகைத்து நின்றவர், புரிந்ததும் தானும் சேர்ந்து இழுத்தார். அடியில் பாப்பா கிடந்தது. முகம் சிவந்து, தலைமுடி வியர்வையில் ஒட்டி, வாய் திறந்தபடி. பிறகு மூச்சை இழுத்தது. அழுதது.

நெட்டை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் அவர் மார்பில் அடித்தாள்.

"கண்ணு தெரியலயா உங்களுக்கு? கண்ணு தெரியல?"

அவர் தடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்தார்.

"தெரியலம்மா. காலி வண்டின்னு இழுத்துட்டுப் போனேன். வெறும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. நேத்துக் காலைலேர்ந்து நிக்கறேன்மா."

செய்தி மாடிக்குப் போனது. முதலாளி இறங்கி வந்தார். எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, ஆட்கள் மட்டும் நின்றார்கள்.

"புள்ள வளக்கற இடமா இது?" என்றார் பொதுவாக. பிறகு நெட்டையிடம் குரலைத் தணித்தார். "உன்னை நான் ஒண்ணும் சொல்லல. இவன் குடிச்சிட்டு வந்திருந்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. அவன் போகட்டும். நீ பிரசவம் வரைக்கும் மடிப்பு மேசையில நில்லு. புள்ளைய மட்டும் நாளைலேர்ந்து கொண்டு வராத."

மடிப்பு மேசை என்றால் காய்ந்த துணி. கனம் கிடையாது, சூடு கிடையாது. இடுப்பு அதைக் கேட்டு ஏங்கியது. வண்டிக்காரர் மீது அவளுக்குக் கோபமும் தீர்ந்திருக்கவில்லை. அந்தக் கைகளை இனி மன்னிக்க முடியுமா என்றே தெரியவில்லை. அவர் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

"அவர் குடிக்கல சார்," என்றாள். "தூங்கல."

"அப்ப உன் தப்புன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கங்க. புள்ளைய வண்டில போட்டது நான்தான். போட வேற எடம் எங்க இருக்கு? ரெண்டாள் வேலைய அவர் ஒருத்தர் தலையில கட்டுனது யாரு?"

"ரெண்டு பேரும் கணக்கை முடிச்சிட்டு வெளிய போங்க."

அக்கா கையிலிருந்த விரிப்பை மேசையில் வைத்தாள். நடந்துபோய் உருளையின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"அப்ப நானும் போறேன். அன்னைக்கு என் மூணும் வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாத்தான் வளந்துச்சு. யாரும் கேக்கல, நானும் கேக்கல. இன்னைக்குக் கேக்கறேன். வண்டிக்கு இன்னொரு ஆள் வேணும். புள்ளைங்களுக்கு ஒரு அறை வேணும். மாசமா இருக்கறவ உக்கார ஒரு நாற்காலி வேணும். அது வர்ற வரைக்கும் இது ஓடாது."

"மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டி வரும். துணி இல்லன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"வரட்டும் சார். அவங்ககிட்டயும் இதையே சொல்றோம்."

துவைக்கும் பக்கத்தில் ஒரு எந்திரம் நின்றது. பிறகு அடுத்தது. கொதிகலன்காரர் முதலாளியை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு அடுப்பை அணைத்து வால்வைத் திருப்பினார். ஆவி சீறி அடங்கியது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போவது உள்ளே வரை கேட்டது. மேஸ்திரி மட்டும் கதவோரம் நின்றார். எந்தப் பக்கம் போவதென்று அவருக்கே தெரியவில்லை.

முதலாளி மாடிக்கு ஏறினார். தொலைபேசியில் அவர் குரல் உயர்ந்தது. யாரைக் கூப்பிடுகிறார், யார் வருவார்கள் என்று கீழே ஒருவருக்கும் தெரியாது. பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் துணி மூட்டைகளை இழுத்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள்.

நெட்டையும் உட்கார்ந்து காலை நீட்டினாள். இருந்த கொஞ்சம் பாலைப் பாப்பா குடித்துத் தீர்த்தது. வண்டிக்காரர் எல்லோரையும் விட்டுத் தள்ளி, சுவரோரம் இருந்தார்.

"அண்ணே, ஏன் அங்க போய் உக்காந்திருக்கீங்க? இங்க வாங்க."

அவர் தயங்கித் தயங்கி வந்தார். அவள் பாப்பாவை அவர் பக்கம் நீட்டினாள்.

"கொஞ்சம் பிடிங்க. இடுப்பு விட்டுப்போச்சு."

அவர் கைகளைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். பாப்பா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகத் தொடங்கியது. நெட்டை மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினாள், தூங்கவில்லை.

புகைபோக்கியில் புகை நின்றதைப் பார்த்து, பக்கத்துப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாச்சு? ஏன் எல்லாம் நின்னுபோச்சு?"

அக்கா நகர்ந்து மூட்டையில் இடம் விட்டாள்.

"உள்ள வாங்க," என்றாள். "உக்காருங்க, சொல்றோம்."