உமிப்புகை

வவுனியாச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் நெல்லு மில் முதலாளி இளையதம்பிக்கு நல்ல பெயர். உமியைச் சும்மா கொடுப்பார். அந்த உமியில்தான் ஒழுங்கையே சமைத்தது, நுளம்புக்குப் புகை போட்டது. பிள்ளைகள் இருமினால் ‘குளிர் பிடிச்சிட்டுது’ என்று யன்னலைச் சாத்தி, தணல் சட்டியைப் பாயருகே மூட்டி வைத்ததும் அந்த உமியில்தான்.

ஜெகதீஸ்வரியும் அப்படித்தான் வைத்தாள். நாலு வயது அருந்ததிக்கு மூச்சு இழுக்க இழுக்க, அவள் தணலை ஊதி ஊதிப் பெருப்பித்தாள்.

நேற்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரி பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உறுமினார்.

“குளிருமில்லை, கோதாரியுமில்லை. புகை! உள்ளையும் புகை, வெளியிலையும் புகை. இன்னொருக்கா இப்பிடி இழுத்தால் இவள் தாங்கமாட்டாள்.”

வீட்டுக்கு வந்த கையோடு சட்டியைப் போட்டு உடைத்தாள். மில் புகைபோக்கியை எதைக்கொண்டு உடைப்பது?

இன்று விடியவே அருந்ததிக்குத் தொடங்கிவிட்டது. விலா உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம். பக்கத்து வீட்டு றம்லா தன் புருஷன் நளீரைக் கார் பிடிக்கத் துரத்தினாள். அந்த நேரம் பார்த்து மில் அடுப்பு மூண்டது. புகை நேரே இவர்கள் வீட்டுக்குத்தான் வந்தது. மூட்டியவன் வேறு யார், ஜெகதீஸ்வரியின் புருஷன் யோகலிங்கம்தான்.

பிள்ளையை றம்லாவின் மடியில் போட்டுவிட்டு ஜெகதீஸ்வரி மில்லுக்கு ஓடினாள்.

“அடுப்பை நூருங்கோ, புகையை நிப்பாட்டுங்கோ!”

“விசரே உனக்கு? ஊறின நெல்லு. இப்ப அவிக்காட்டி நாறிப்போயிடும்.”

“அங்கை உங்கடை பிள்ளை நாறப்போறாள்!”

இளையதம்பி சால்வையை உதறினார். “எல்லாரும் புகைக்குள்ளைதானே வளந்தது, பிள்ளை? நான் இருமிறனே?”

“உங்கடை வீடு குளக்கட்டடியிலை. உமியை எங்களுக்குத் தந்திட்டு, காத்தை நீங்கள் வைச்சிருக்கிறியள்!”

“ஓசி உமியிலை சோறு திண்டிட்டு வாய் காட்டிறாய். அடுப்பு நூந்தால் உன்ரை மனுசனுக்கு இஞ்சை வேலையில்லை.”

அவள் வாளியைத் தூக்கினாள்.

“தண்ணி ஊத்தாதை!” யோகலிங்கம் பாய்ந்து பிடித்தான். “ஈர உமி இன்னும் மோசமாப் புகைக்கும்.”

“அப்ப என்ன செய்ய? சொல்லுங்கோ!”

அவன் முதலாளியைப் பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்தான். அடுப்பு வாய்க்குள் மணலை வாரி வாரி எறிந்தான், புகை அறும்வரை.

ஒழுங்கை முனையில் கார் ஹோர்ன் அடித்தது. ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவள் ஏற, அவனும் ஏற வந்தான்.

“சட்டையைக் கழட்டுங்கோ. புகை மணக்குது.”

கழற்றி ஒழுங்கைக்குள் எறிந்தான். கார் வெளிக்கிட்டது. அருந்ததி இழுத்தாள். விட்டாள். அடுத்த மூச்சுக்காக இரண்டு பேரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.