தொட்டி அளவுக்கு வளர்வது

ஊர்வனக் கண்காட்சியில் கழிப்பறை வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிய வீப்கே, கணவன் யோர்க்கின் கையில் அட்டைப் பெட்டியைப் பார்த்ததுமே ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மூடியை விலக்கினாள். ஈரக் காகிதத்தின் மேல், தளிர்ப் பச்சையில் ஒரு நீர் டிராகன் பல்லிக்குஞ்சு அவளைத் தலை சாய்த்துப் பார்த்தது.

"நாம வாங்க வந்தது இது இல்லையே."

"அந்த முதலை அரணையப் பாத்தேன் வீப்கே. பாசிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு வால மட்டும் காட்டுது. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட வாலையா காட்டுறது?"

தண்ணீரில் நீந்துகிற பல்லி வேண்டும் என்றவன் அவன்தான். டோர்ட்முண்ட் நகரில் மூன்றாம் மாடி வீடு. சோபாவுக்கும் பால்கனிக் கதவுக்கும் இடையில் ஒரு தொட்டி வைக்கத்தான் இடம். டிராம் ஓட்டிவிட்டு வந்து, கோடை முழுவதும் அவள் உட்கார்ந்து படித்தாள், வளர்ப்பவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டாள். நீர் உடும்பு ஆள் நீளம் வளரும். பசிலிஸ்க் பல்லி பயந்தால் ஓடிப்போய்க் கண்ணாடியில் மோதும். நீர் டிராகன் ஒரு மீட்டர் நீளம் வரும். அதற்கு மரமும் குளமுமாக ஓர் அறையே வேண்டும். கடைசியில் கிடைத்தது முதலை அரணை. ஒரு சாண் நீளம், ஆழமில்லாத தண்ணீர், ஈரப்பாசி, ஒளிய ஓர் ஓட்டை, போதும். இத்தனையும் அவனிடம் சொல்லியிருந்தாள். தலையாட்டினானே, எதற்கு ஆட்டினான்?

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளருமாம். கடைக்காரர் சொன்னார்."

வீப்கே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். கண்காட்சிக் கூடத்தின் கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தே வழிவிட்டது.

தொட்டி அளவுக்குத்தான் வளருமா என்று கேட்டதற்கு, கம்பளித் தொப்பி போட்ட கடைக்காரர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருபது வருஷமா விக்கிறேன் மேடம். வளரும்போது பாத்துக்கலாம்."

"யாரு பாத்துக்கிறது? நீங்களா?"

அப்போதுதான் மேசை விரிப்புக்குக் கீழே, சரியாக மூடாத பிளாஸ்டிக் கூடையில், வளர்ந்த நீர் டிராகன் ஒன்று கிடப்பதைப் பார்த்தாள். வால் மடங்கி மடங்கிச் சுருண்டிருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் புண். வருடக்கணக்கில் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன முகம்.

"இது எவ்வளவு பெரிய தொட்டியில வளந்துச்சு?"

"யாரோ திருப்பிக் குடுத்துட்டுப் போனது. அதை ஏன் பாக்குறீங்க?" விரிப்பைக் காலால் இழுத்துவிட்டார். "இஷ்டமில்லன்னா வெச்சுட்டுப் போங்க. கத்தாதீங்க, யாவாரம் நடக்குது."

"கத்துவேன்! பொய் சொல்லி விக்கிறது யாவாரமா?"

பின்னாலிருந்து ஓர் இளைஞன் எட்டிப் பார்த்தான். கூட அவன் காதலி. "அவங்களுக்கு வேணாம்னா நாங்க எடுத்துக்கிறோம்," என்றான்.

"உங்ககிட்ட தொட்டி இருக்கா?"

காலணிப் பெட்டி அளவுள்ள ஒன்றை அவன் பெருமையோடு தூக்கிக் காட்டினான். "சின்னதுதானே!"

வீப்கே குனிந்து விரிப்பை உயர்த்தினாள். "இதுவும் சின்னதாத்தான் இருந்துச்சு." அந்தப் பெண் மண்டியிட்டுப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. இளைஞனோ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் கையை நீட்டினார். "குடுங்க மேடம்."

கொடுத்துவிடத்தான் வந்தாள். கை நீளவில்லை. கொடுத்தால், இந்தத் தொட்டி இல்லையென்றால் இன்னொரு சின்னத் தொட்டி. ஆத்திரம் இப்போது யார் மேல் என்றே தெரியவில்லை; கண் கலங்கியது, அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

கார் வரை யோர்க் பின்னாலேயே வந்தான். வெளியே மழை பிடித்திருந்தது.

"வேணாம்னு சொன்னியே."

"இப்பவும் வேணாம்தான்."

"அப்ப எங்க வெச்சுக்கிறது?"

"எங்கிட்டயா கேக்குற?"

அவன் காரின் வெப்பக் காற்றைப் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் மடியில் பெட்டி லேசாக அசைந்தது. காற்றுத் துளை வழியாக நூல் மாதிரி மெலிந்த பச்சை விரல்கள் வெளியே வந்தன. துழாவின. அவளுடைய ஸ்வெட்டர் இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டன.