பத்தில் மூன்று

கட்டைவிரலால் சோளக் கதிரை அழுத்தி ஒவ்வொரு மணியாக உதிர்த்துக்கொண்டிருந்தாள் கணக்கு டீச்சர். எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவதும் சேர்ந்து விழுந்தது. அதைப் பொறுக்கித் தனியே வைத்தாள். பத்து என்றால் பத்துதான். இந்த மாதிரி ஒரு உதவாக்கரைச் சோதனையிலும் கணக்கு தப்பக்கூடாது.

நாத்தனார் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேடைமேல் வைத்தாள். கடையில் விற்கும் பாப்கார்ன் சோளம்.

"அண்ணி, இதைப் போடுங்க. பத்தும் வெடிக்கும். டாக்டர் இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாரு. அண்ணன் காதால கேட்டுட்டாவது போகட்டும்."

டீச்சர் பாக்கெட்டைத் தொடவில்லை.

"உங்க அண்ணனுக்கு முப்பத்தெட்டு வருஷமா எத்தனையோ பேரு வெச்சிருக்கேன். ஏமாளின்னு மட்டும் வெச்சதில்ல. எடுத்து உள்ள வை."

அவள் வைத்த பெயர்களுக்குக் குறைவில்லைதான். ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். முப்பது வருடம் உழைத்தும் ஐந்தாவது மாடியைத் தாண்டாத மனிதர் என்று ஆசிரியர் அறையில் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஓய்வு பெற்றதும் அவர் ஆர்மோனியம் வாங்கினார். அது பரணுக்குப் போனது. மீன் வளர்த்தார், மீன்கள் செத்தன. அதன் பிறகுதான் இந்தச் சோளப் பைத்தியம் பிடித்தது.

முதல் வருடம் விதை போட்டு இரண்டே நாளில், முளைத்துவிட்டதா என்று தோண்டித் தோண்டிப் பார்த்தே பாதியைக் கொன்றார். இரண்டாவது வருடம் மதிலோரம் ஒரே வரிசையாக நட்டார். காற்று மகரந்தத்தை எல்லாம் பக்கத்து வீட்டுக் கார்மேல் கொண்டுபோய்க் கொட்டியது. உரித்துப் பார்த்தால் கதிருக்கு நாலைந்து மணி, பல் கொட்டிய வாய் மாதிரி. "உங்க சிரிப்பு மாதிரியே இருக்கு" என்றாள் அவள். அவர் அதற்கும் அதே சிரிப்பைத்தான் சிரித்தார். மூன்றாவது வருடம், ஏதோ புத்தகத்தைப் படித்துவிட்டு, நாலுக்கு நாலு சதுரமாக நட்டார். காலை நேரத்தில் பூக்கதிரை உலுக்கி, கீழே இளங்கதிர்களிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பட்டு நூல்களின்மேல் தூளைத் தட்டிவிட்டார். அந்த அகலக் கையும், தூள் படிந்த மூக்கும், பார்க்கச் சகிக்காது. ஆனால் கதிர்களில் மணி நிறைந்தது. மேலுறை சருகாகும்வரை செடியிலேயே விட்டு, பறித்து, படுக்கையறை ஜன்னலோரம் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அதே வாரம் படுத்தார். பிறகு எழவில்லை.

உள்ளே ஈரம் கொஞ்சம் இருக்க வேண்டும், அதிகம் இருந்தால் வெடிக்காது, சுத்தமாகக் காய்ந்தாலும் வெடிக்காது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஞாயிறுதோறும் பத்து மணிகளைப் பொரித்துப் பார்க்கும் சோதனை. போன வாரம் ஒன்று வெடித்தது.

எண்ணெய் காய்ந்ததும் மணிகளைப் போட்டு மூடினாள். கதவைத் திறந்து வைத்தாள். நாத்தனார் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

டப்.

வெகு நேரம் கழித்து, டப். அப்புறம் சோம்பேறித்தனமாக இன்னொன்று. மிச்சம் எல்லாம் சீறிக்கொண்டே கருகின.

தட்டோடு அவள் அறைக்குப் போனாள். போர்வைக்கு வெளியே அவர் மூன்று விரலை நீட்டி வைத்திருந்தார்.

"மூணு," என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"முப்பது மார்க். ஃபெயில்."

"முப்பத்தஞ்சு பாஸ்தானே, டீச்சரம்மா? அஞ்சு மார்க்தானே..."

"மூணாவது பாதிதான் வெடிச்சிருக்கு. பாருங்க. இருபத்தஞ்சு."

அவர் தட்டைப் பார்த்தார். கீறி விரிந்து, பூக்காமல் நின்ற அந்த மூன்றாவதை வெகு நேரம் பார்த்தார். உதடு கோணியது.

"மறுகூட்டல் உண்டா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அடிப்பிடித்த வாணலியைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத்தான் சரியான பதில் தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசற்படியில் நின்று, "மறுகூட்டலெல்லாம் எழுதினவங்களுக்குத்தான், பேப்பரை வெறுமனே..." என்று ஆரம்பித்தாள்.

மூன்று விரலும் அப்படியே நீண்டிருந்தன. மார்பு அசையவில்லை.

அவள் அருகே போய் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை கூடம் நிறைந்துவிட்டது. அவர் வேலை பார்த்த கட்டிடத்தின் பழைய மேனேஜர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷர்ம்மா" என்றார். போட்டிருந்தால் என்ன, பட்டனை அமுக்கக்கூட உங்களுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினாள். ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் பிசைந்தாள். உயிரோடு இருந்தபோது இதில் பாதிப் பேர் அவருக்கு லிஃப்டில் வணக்கம்கூடச் சொன்னதில்லை. இப்போது வந்து கண்ணைக் கசக்குகிறார்கள்.

மூலையில் நாத்தனாரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"ஆசை ஆசையா வளர்த்தாரு. கடைசி நேரத்துல பத்தும் படபடன்னு வெடிச்சுது. அதைக் கேட்டுச் சிரிச்ச முகமாவே போயிட்டாரு எங்கண்ணன்."

"மூணு," என்றாள் டீச்சர்.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி?"

"வெடிச்சது மூணு. அதுலயும் ஒண்ணு பாதி. அவரே எண்ணினாரு."

மேனேஜர் செருமினார். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழாமல் இல்லை. சொல்லட்டும். பொய்யான நூறு மார்க்கோடு அந்த மனிதனை அனுப்ப அவளுக்கு மனமில்லை.

சவப்பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். "உள்ள ஏதாவது வைக்கணுமா?" என்று ஒருவர் கேட்டதும், நாத்தனார் ஓடிப்போய் ஜன்னலோரக் கயிற்றிலிருந்து ஒரு கதிரை அறுத்து வந்தாள். டீச்சர் குறுக்கே கையை நீட்டினாள்.

"அது இன்னும் காயல. கொண்டுபோய்த் தொங்க விடு."

"அண்ணி, இப்போ போய்..."

"தொங்க விடுன்னு சொன்னேன்."

பள்ளிக்கூடக் குரல். நாத்தனார் திரும்பிப் போனாள். பெட்டி மூடப்பட்டது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது மதியம் ஆகியிருந்தது. கதிர் பறித்த சோளத் தட்டைகள் பதினாறும் தோட்டத்தில் சருகாக நின்றன. இவற்றைப் பிடுங்கிப் போட்டால் துணி உலர்த்தவாவது இடம் கிடைக்கும் என்று எத்தனை நாள் கத்தியிருப்பாள். இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. உடுப்பைக்கூட மாற்றாமல் இறங்கி, ஓரத்தில் நின்ற தட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யாத மனிதன் இதை மட்டும் இவ்வளவு ஆழமாகவா நட்டு வைப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்ததில் கால் வழுக்கி, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சமையலறை ஜன்னலில் நாத்தனாரின் முகம் தெரிந்தது.

"ஐயோ அண்ணி! அடிபட்டுதா? இருங்க, வரேன்."

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையப் பாரு."

முகம் மறைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. காற்றில் சருகுகள் தலைக்கு மேலே உரசிக்கொண்டன. தட்டையின் நிழல் அவள் மடியில் ஒரு கோடாக விழுந்திருந்தது. வெயில் இறங்க இறங்க அது மெல்ல மண்ணுக்கு நகர்ந்தது. அவளும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.