பன்னிரண்டாம் நம்பர் பாக்கெட்

ஏணிக்கு வயது முப்பத்தாறு. லிஃப்ட் மெக்கானிக். பதினோராம் மாடியில் நின்றுபோன லிஃப்ட்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஜோக் சொல்கிற ஆள். உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் ஏணி. சொந்த அக்காவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். அப்பேர்ப்பட்ட தைரியசாலி, அன்று காலை ஏரிக்குக் கிளம்பும்போது வலதுகால் ஷூவை இடதுகாலில் திணித்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு நீ கேக்கலேன்னா, சாயங்காலம் நானே மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டுடுவேன்" என்றாள் அக்கா. "'என் தம்பிக்கு வாய் வராதும்மா, அவனைக் கல்யாணம் பண்ணிக்கறியா'ன்னு. இருமல் மருந்து வாங்க வந்தவங்க எல்லார் முன்னாடியும்."

"ஐயோ அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இரு!"

"அப்போ நீயே கேளு."

கேட்கலாம்தான். கேட்பதா கஷ்டம்? மூன்று மாதத்துக்கு முன்னால் அவளிடம் ஒரு பொய் சொல்லித் தொலைத்திருந்தான். அதைத் தாண்டி அந்தப் பக்கம் போவதுதான் கஷ்டம்.

விஷயம் இதுதான். அந்த ஏரியில் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதனால் தூண்டில்முள்ளில் எதிர்முள் இருக்கக் கூடாது. அதாவது, குத்திய முள்ளைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்னக் கூர் இருக்கக் கூடாது. முள்ளை முழ நீள நைலான் நரம்பில் கட்டி, அதன் பக்கத்தில் விரல் நீளக் கம்பிக்கூடு ஒன்றில் தீனியை அமுக்கித் தூர வீசுவார்கள். கூடு அடியில் போய் உட்காரும், தீனி கரையும், மீன் வரும். அரிசி பருமன்கூட இல்லாத முள்ளில் நரம்பைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அதுதான் ஏணிக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. அவன் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். ஆகவே ஏரிக்கரைக் கடையில் முள்ளின் அளவுக்கு ஒரு நம்பர் போட்டு ரெடியாகக் கட்டி விற்கும் பாக்கெட்டில் பன்னிரண்டாம் நம்பரை வாங்கி, யார் கண்ணிலும் படாமல் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மாற்றி வைத்துக்கொள்வான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள், ஏரிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவன் முள்ளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார் கட்டினது இது?"

"நான்தான்" என்றது ஏணியின் வாய். மூளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்படியா!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மனுஷன் காலி. அன்றிலிருந்து வாராவாரம் ஏதாவது கேட்பாள். "எத்தனை சுத்து சுத்துவீங்க?" என்பாள். "அது... அன்னைக்கு மனசு எப்படி இருக்கோ அப்படி" என்பான் இவன். இப்படி ஒரு பதிலை உலகத்தில் எந்தத் தூண்டில்காரனும் சொல்லியிருக்க மாட்டான். அவளோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

அன்றைக்கு மீன் பிடிக்கும் போட்டி, எடை கூடினவருக்கு ஜெயம். சீட்டுக் குலுக்கியதில் இவனுக்கு ஒன்பதாம் இடம், அவளுக்குப் பத்து. கை நீட்டினால் எட்டும் தூரம். ஏணிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மணி நேரம் ஒரு மீனும் கடிக்கவில்லை, அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. 'கேட்டுடு, கேட்டுடு' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பொய்க்காரன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பான் என்று வாய் திறக்க மறுத்தது.

அப்போது அவள் எழுந்து வந்தாள். உள்ளங்கையில் வெறும் முள் ஒன்று, கொஞ்சம் நரம்பு.

"என் நரம்பு அறுந்து போச்சு. கண்ணாடியை வேற வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். ஒண்ணு கட்டிக் கொடுங்களேன்."

"இதோ... வண்டியில போய்..."

"எதுக்கு வண்டிக்கு? இங்கேயே கட்டுங்க. பார்க்க ஆசையா இருக்கு."

செத்தான் ஏணி. முள்ளை வாங்கினான். சுற்றினான். நழுவியது. மறுபடி சுற்றினான். முள் கட்டைவிரலில் ஏறியது. எதிர்முள் இல்லாத புண்ணியத்தில் உடனே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. ஐந்து நிமிடம் கழித்து அவன் கையில் இருந்தது முடிச்சு அல்ல, மிளகு அளவுக்கு ஒரு சிக்கல். அவள் குனிந்து மிக மரியாதையாக அதைப் பார்த்தாள்.

"இது புது மாதிரியா?"

அந்த நேரம் பார்த்து அவன் தூண்டில் கம்பு வளைந்தது. கடவுளே, நீ இருக்கிறாய்! ஏணி பாய்ந்து கம்பைப் பிடித்தான். கனம் என்றால் அப்படி ஒரு கனம். பெரிய கெண்டை.

"நரம்பைத் தொய்ய விடாதீங்க! தொய்ஞ்சா முள் கழண்டுடும்!" என்று அவள் கைவலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

இரண்டு கையும் கம்பில். ஓட வழியில்லை, முகத்தை மூடிக்கொள்ளவும் வழியில்லை. சொல்லுவதானால் இப்போதுதான் என்று ஏணிக்குப் பட்டது. அதற்குமேல் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

"நான் கட்டலைங்க!" என்று கத்தினான். "ஒண்ணுகூட நான் கட்டினதில்ல! கடையில வாங்கறேன்! அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்!"

கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எட்டாம் இடத்துக்காரர் வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்தார்.

"தெரியும்" என்றாள் அவள்.

"எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்து. அதைக் கட்டினதே நான்தானே."

ஏணியின் கை அப்படியே தாழ்ந்தது. நரம்பு தொய்ந்தது. கெண்டை வாலை ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் போயே போய்விட்டது. வெறும் முள் கரையில் வந்து விழுந்தது.

"மருந்துக்கடையை மூடினதும் வீட்டுல உக்காந்து ஏரிக்கரைக் கடைக்காரருக்குக் கட்டித் தர்றேன். கடைசிச் சுத்தை நான் மட்டும் திருப்பிக் கோப்பேன். என் கை எனக்குத் தெரியாதா?"

"மூணு மாசமா என்னை வச்சு விளையாடினீங்களா?"

"ஆமா, நல்லா விளையாடினேன்" என்றாள். சிரிப்பு நின்றது. "இன்னைக்கும் சொல்லாம இருந்திருந்தா, அடுத்த வாரம் வந்திருக்க மாட்டேன். அறுந்த நரம்பும் இல்ல, மறந்த கண்ணாடியும் இல்ல. கடைசியா ஒரு தடவை பார்ப்போம்னுதான் வந்தேன்."

ஏணிக்கு நூலிழையில் தப்பித்திருக்கிறோம் என்று இப்போதுதான் புரிந்தது. கம்பைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டான். பதினோராம் மாடியில்கூட எதையும் பிடித்துக்கொள்ளாத ஆள்.

"எனக்கு மீனும் கிடைக்கல. முடிச்சும் வராது. பொய் சொன்னா மாட்டிக்குவேன்" என்றான். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

அவள் கீழே கிடந்த முள்ளை எடுத்துத் தன் சட்டைக் கையில் துடைத்தாள். விரல் நுனிகளில் நரம்பு அறுத்த மெல்லிய கோடுகள். அவன் அதை இதுவரை பார்த்ததே இல்லை.

"பன்னிரண்டாம் நம்பர் பாக்கெட்டை வாங்கறது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "கடைக்காரர் சொன்னார். அதுலேருந்து, மத்த நம்பரெல்லாம் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டு வைப்பேன். பன்னிரண்டு மட்டும் ரெண்டு தடவை."

"அப்படின்னா?"

"அப்படின்னா சரின்னு அர்த்தம். இதுக்கு மேல எப்படிங்க சொல்றது?"

போட்டி நேரம் முடிந்து, எடை போடுகிறவர் தராசோடு ஒன்பதாம் இடத்துக்கு வந்து, "எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல சார்!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான் ஏணி. "ஒரு கிராம்கூட இல்ல!"